கூரையில் ஆரம்பியுங்கள்: அமெரிக்க வீட்டின் பாணியைக் கண்டுபிடிப்பது எப்படி

விற்பனை விளம்பரத்தில் ‘கலோனியல்’ (பிரிட்டிஷ் குடியேற்றக் காலப் பாணி) என்று போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் 1980களில் கட்டிய மாடி வீடு, சுவரை மூடிய பிளாஸ்டிக் பட்டைகள் (வினைல் சைடிங்), பக்கத்தில் இரண்டு கார் நிற்கும் கராஜ். ரியல் எஸ்டேட் ஏஜென்ட்களுக்கு மாடி இருந்தால் கலோனியல், இல்லாவிட்டால் ராஞ்ச். அந்தப் பெயரைக் காதில் வாங்காமல் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய் நின்று பார்ப்பதுதான் முதல் வேலை.

பார்க்க வேண்டிய வரிசை இது: கூரை, வீட்டின் மொத்த வடிவம், கதவும் ஜன்னலும் அமைந்த விதம். போர்ச் (கூரையிட்ட வாசல் திண்ணை), அலங்காரம், பெயின்ட் எல்லாம் கடைசியில். கூரையை மாற்றப் பெரும்பணம் வேண்டும் என்பதால் பெரும்பாலும் யாரும் கை வைப்பதில்லை. போர்ச்சும் ஜன்னலும் தலைமுறைக்கொரு முறை மாறும். புதிதாகப் பார்ப்பவர்கள் அழகான தூணைப் பார்த்துப் பெயர் வைத்துவிடுகிறார்கள். பாதித் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

கூரைச் சரிவை அமெரிக்கத் தச்சர்கள் 12 அங்குலத்துக்கு எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று கணக்கிடுவார்கள். 4/12 என்றால் ஏறக்குறைய 18 டிகிரி, படுத்த கூரை. இத்தாலியனேட், கிராஃப்ட்ஸ்மன், பிரெய்ரி, ராஞ்ச் எல்லாம் அந்தப் பக்கம். 12/12 என்றால் 45 டிகிரி. காதிக் ரிவைவலும் டியூடரும் அந்த அளவிலும் அதற்கு மேலும் நிற்கும். வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் செங்குத்துக் கூரையும் படுத்ததாகத் தெரியும். முக்கோணச் சுவர் உள்ள பக்கம் நேராகத் தள்ளி நின்று, போனில் படம் எடுத்துக் கோணத்தை அளந்தால் சரியாக வரும்.

அதிகம் ஏமாற்றுவது, நடுவில் கதவும் இருபுறமும் இரண்டிரண்டு ஜன்னலும் மேலே ஐந்து ஜன்னலும் உள்ள முகப்பு. ஜார்ஜியன், ஃபெடரல், இவற்றைப் பிற்காலத்தில் நகலெடுத்த கலோனியல் ரிவைவல் மூன்றுக்கும் இதே முகம். கதவுக்கு மேல் சின்னச் சின்னச் செவ்வகக் கண்ணாடி ஒரே வரிசையாக இருந்தால் ஜார்ஜியன் பக்கம் யோசிக்கலாம். அதன் காலம் சுமார் 1780 வரை. விசிறி போல அரைவட்டக் கண்ணாடியும் கதவின் இருபுறமும் ஒடுங்கிய கண்ணாடியும் இருந்தால் ஃபெடரல், அதாவது 1780 முதல் 1820 வரை. ஜன்னல் கண்ணாடிகளைப் பிரிக்கும் மரச்சட்டம் ஜார்ஜியனில் தடிமன், ஃபெடரலில் மெலிசு.

இதெல்லாம் பொருந்தியும் வீடு 1925இல் கட்டியதாக இருக்கும். அப்போது ஜன்னல்களை எண்ணுங்கள். இரண்டு ஜன்னல்கள் ஒட்டிக்கொண்டு ஜோடியாக நின்றால் அது 18ஆம் நூற்றாண்டு முகப்பு இல்லை. அசல் ஜார்ஜியன் வீட்டில் ஒவ்வொரு ஜன்னலும் தனித்தனியாகத்தான் நிற்கும். மேல் பாதியில் ஆறு சிறு கண்ணாடிச் சில்லு, கீழ்ப் பாதியில் ஒரே கண்ணாடி என்றிருந்தாலும் கலோனியல் ரிவைவல்தான், அல்லது பின்னால் யாரோ மாற்றிய ஜன்னல். பெரிய கண்ணாடி மலிவானது 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். அதற்கு முன் சில்லுகளை ஒட்டவைத்தே ஜன்னல் செய்தார்கள்.

‘விக்டோரியன்’ என்பது பாணியின் பெயரே அல்ல, பிரிட்டனின் விக்டோரியா ராணி ஆண்ட காலம். அதற்குள் குறைந்தது அரை டஜன் பாணி இருக்கிறது. இத்தாலியனேட், செகண்ட் எம்பயர் இரண்டிலும் இறவாணத்துக்குக் கீழே செதுக்கிய தாங்கு கட்டைகள், உயரமான ஒடுங்கிய ஜன்னல்கள். வித்தியாசம் கூரையில் மட்டும்: மேல் மாடியையே சுவர் போலச் சுற்றி மூடும் மான்சார்ட் கூரை இருந்தால் செகண்ட் எம்பயர். குவீன் ஆன் வீட்டில் இடமும் வலமும் ஒத்துப்போகாது: மூலையில் கோபுரம், சுற்றி வளையும் போர்ச், கீழே பலகை, மேலே மீன் செதில் போல அடுக்கிய சிறு மரத்துண்டுகள் (ஷிங்கிள்). சாதாரணப் பெட்டி வீட்டுக்கு ரயிலில் வந்த கடைசல் தூண்களும் மரச்சரிகையும் மாட்டியிருந்தால் அதை ஃபோக் விக்டோரியன் என்று எழுதுங்கள்.

கிராஃப்ட்ஸ்மன் வீட்டுக்கு அடையாளம் இறவாணத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கைமர நுனிகள், முக்கோணத் தாங்கு கட்டைகள், செங்கல் மேடை மேல் மேலே போகப் போகச் சிறுத்த சதுரத் தூண்கள். கூரை விளிம்பில் மழைநீர் வடிகால் மாட்டுகிறவர்கள் அந்த நுனிகளை அறுத்து, அலுமினியத் தகட்டால் மூடிவிடுவார்கள். முகப்பில் காணவில்லை என்றால் வீட்டின் பின்பக்கமும் பழைய கராஜும் பாருங்கள், அங்கே செலவழிக்க மனம் வராமல் விட்டிருப்பார்கள். சைடிங்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நீங்களாகப் பெயர்க்க வேண்டாம்: 1978க்கு முந்தைய வீட்டில் ஈயப் பெயின்ட் இருக்கலாம், பழைய சிமென்ட் ஷிங்கிளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

இந்தக் கண்ணைப் பழக்க நல்ல இடம் சிகாகோவுக்கு அடுத்த ஓக் பார்க். சிகாகோ அவென்யூவில் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1892இல் வடிவமைத்த வீடுகள் பலகோணக் கோபுரமும் செங்குத்துக் கூரையுமாகக் குவீன் ஆன் போலவே நிற்கின்றன. திரும்பி ஃபாரஸ்ட் அவென்யூவில் நடந்தால் 1902இல் அதே கை வரைந்த ஹர்ட்லி வீடு: படுத்த கூரை, பட்டையாக ஓடும் ஜன்னல் வரிசை, கிடைக்கோட்டு வரி வரியாக இறங்கும் செங்கல். அதே தெருவில் உள்ள மூர் வீடு 1895இல் டியூடர் பாணியில் எழுந்து, 1922இல் தீப்பிடித்து, மறுபடி கட்டப்பட்டது. இதுபோன்ற வீட்டை முகப்பை மட்டும் பார்த்து ஆண்டு சொல்ல முடியாது.

ஆண்டுக்குக் காகிதம் வேண்டும். வரித்துறைப் பதிவில் ‘1900’ என்று முழு எண் இருந்தால் பெரும்பாலும் அது தெரியாமல் போட்டது. தீக்காப்பீட்டுக்காக வரைந்த சான்பார்ன் வரைபடங்கள் நம்பகமானவை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் இலவசம். மஞ்சள் என்றால் மர வீடு, இளஞ்சிவப்பு என்றால் செங்கல். ஒரு அங்குலத்துக்கு 50 அடி அளவு என்பதால் போர்ச் கூடத் தெரியும். இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்தால் எந்தப் போர்ச் பின்னால் வந்தது என்று தெரிந்துவிடும். நிலவறை இருந்தால் விட்டத்தின் முனையில் எழுத்தும் எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 1908 முதல் 1940 வரை சியர்ஸ் நிறுவனம் அஞ்சல் விற்பனையில் விற்ற வீடுகள் பலவற்றின் மரத்தில் இப்படிக் குறியிருக்கும். ஆணியும் சொல்லும்: தட்டையான வெட்டு ஆணி பெரும்பாலும் 1890க்கு முன், உருண்டைக் கம்பி ஆணி அதற்குப் பின். ஒற்றை ஆணியை வைத்து முடிவு செய்யாதீர்கள், வெட்டு ஆணியை இன்றும் தரைப்பலகைக்கு அடிக்கிறார்கள்.

வீட்டைப் பற்றிக் குறித்து வைக்கும் படிவத்தில் பாணியைப் பிரித்து எழுதுங்கள்: ‘வடிவம் ஃபோர்ஸ்குவேர், போர்ச் கிராஃப்ட்ஸ்மன், சுமார் 1915–25, ஜன்னல்கள் பின்னால் மாற்றியவை’. நான்கு அறை சதுரத்துக்கு மேல் மாடியும் நடுவில் டார்மரும் (கூரையிலிருந்து துருத்தும் ஜன்னல்) உள்ள ஃபோர்ஸ்குவேர் பாணியல்ல, வெறும் உடம்பு. சட்டையாகக் கலோனியலும் போடும், பிரெய்ரியும் போடும்.