பத்து நிமிடப் பெயிண்டுக்கு ஒன்றரை மாதம்

பழைய துப்பாக்கிக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிப்பது பத்து நிமிட வேலை. அதில் ஒளிந்திருக்கும் கிரீஸை வெளியே வரவழைப்பதுதான் வேலை. இது தெரியாமல் ஒரே குழலை மூன்று முறை சுரண்டினேன்.

துப்பாக்கி, இஷாப்பூர் 2ஏ1. 1962 சீனப் போருக்குப் பிறகு மேற்கு வங்கத்து இஷாப்பூர் ஆலையில் 7.62 மி.மீ. தோட்டாவுக்காகச் செய்தது, பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு வகை. என்னுடையதில் 1966 என்று பொறித்திருக்கிறது. படையிலிருந்து கழிக்கப்பட்டவை ஒரு காலத்தில் அமெரிக்காவில் மலிவாக வந்து இறங்கின. ஒஹையோவில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படி ஒன்றை வாங்கி, கிரீஸ் பூசியபடியே பரணில் போட்டிருந்தார். வீட்டைக் காலி செய்யும்போது துப்பாக்கிக் கடை மூலமாக முறைப்படி எனக்கு மாற்றிக் கொடுத்தார். நம் நாட்டில் பிறந்தது என்ற பாசத்தில் வாங்கிவிட்டேன்.

“பழைய துப்பாக்கியைத் தொட்டால் மதிப்புப் போய்விடும்” என்று சண்டைக்கு வருபவர்கள் சற்றுப் பொறுக்கவும். இந்த வகை ஆலையிலிருந்தே கறுப்புப் பெயிண்டோடு வந்ததுதான். என்னிடம் வந்தபோது பாதி உரிந்து, மீதி துருவின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் விலை கேட்டேன். துப்பாக்கிக்கு நான் கொடுத்ததைவிட அதிகமாகச் சொன்னார்.

திருநெல்வேலியில் என் பெரியப்பாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருந்தது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவார். முடிந்ததும் புதுக் கீறலோடு திரும்பி வரும். எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்துச் சுவரில் மாட்டிவிடுவார். நானும் அத்தோடு நின்றிருக்கலாம்.

தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டுப் பிரித்தேன். லீ-என்ஃபீல்டு வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை: குழலைத் தாங்கும் முன்கட்டையைக் கழற்றாமல், தோளில் வைக்கும் பின்கட்டையின் உள்ளே இருக்கும் நீளப் போல்ட்டைத் திருகாதீர்கள். அதன் சதுர நுனி முன்கட்டைக்குள் பொருந்தியிருக்கும். திருகினால் மரம் பிளந்துவிடும். நல்லவேளை, இது எனக்கு முன்பே தெரியும். தெரியாதவை எல்லாம் இதற்குப் பிறகுதான் வந்தன.

கடையில் எட்டு டாலருக்கு, இறைச்சி சுடும் அடுப்புக்கு அடிக்கும் கறுப்புப் பெயிண்ட் கிடைத்தது. பழையதைச் சுரண்டிவிட்டு அடித்ததும் பார்க்க ராஜா மாதிரி இருந்தது. ஒரு வாரம் கழித்துக் குழலைச் சுத்தம் செய்யும் திரவம் இரண்டு சொட்டு வெளியே வழிந்தது. துடைத்தேன், பெயிண்டும் துணியோடு வந்துவிட்டது. அந்த வகைப் பெயிண்ட் நல்ல சூட்டில் வெந்தால்தான் இறுகும் என்று டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். சமையலறை அடுப்பை நான் ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தேன். “அதற்குள் அது போனால், நீங்களும் கூடவே போய்விடுங்கள்” என்றாள் மனைவி. அவள் சொன்னது சரிதான். சாப்பாடு செய்யும் அடுப்பில் பெயிண்டை வேக வைக்கவே கூடாது.

எல்லாவற்றையும் உரிக்க வேண்டியதாயிற்று. சுடுதளத்தில் ஒரு முதியவர், “அந்தப் பழைய பெயிண்ட் நீக்கி வாங்கு, ஐந்து நிமிடத்தில் கழன்றுவிடும்” என்றார். இரண்டு கடை ஏறி இறங்கினேன். இரண்டாம் கடைக்காரர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் “வராது” என்றார். ஏன் என்று வீட்டுக்கு வந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன்: அதிலிருந்த மெத்திலீன் குளோரைடு ஆளைக் கொல்லும் என்பதால், 2019 முதல் பொதுமக்களுக்கு அதை விற்கத் தடை. கிடைத்த சாதுவான திரவத்தோடும் பித்தளைத் தூரிகையோடும் ஒரு சனிக்கிழமை முழுக்கப் போராடினேன்.

பிறகு மணல் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கினால் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும் என்று நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனேன். இரும்பைப் பார்த்ததும் அங்கிருந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “துப்பாக்கியா? எங்களிடம் அதற்கு உரிமம் இல்லை.” போன் போட்டுக் கேட்டிருந்தால் எண்பது மைல் மிச்சமாகியிருக்கும். திரும்பி வந்து உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தேன்.

தேய்க்கும்போது சீரியல் எண் பக்கம் உப்புத்தாள் போகவே கூடாது. எண்ணை அழிப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அதன் மேல் பெயிண்டும் மெல்லியதாகவே இருக்கட்டும். எழுத்துப் பள்ளம் அடைபடக் கூடாது.

இம்முறை அடுப்பு தேவைப்படாத எபாக்சி ஸ்பிரே வாங்கினேன். உலோகம் வெதுவெதுப்பாக இருந்தால் நன்றாக ஒட்டும் என்று வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சூடு காட்டி அடித்தேன். பத்து நிமிடத்தில் குறி பார்க்க உதவும் பின்பக்கக் குறிகாட்டியைச் சுற்றி மீன்கண் மாதிரி வட்ட வட்டமாகப் பெயிண்ட் விலகி நின்றது. காரணம், ஆண்டுக்கணக்காகக் குறிகாட்டியின் அடியில் உறைந்திருந்த கிரீஸ். நான் காட்டிய சூட்டில் அது உருகிக் கசிந்துவிட்டது. காரேஜில் உட்கார்ந்து சத்தமாகவே திட்டினேன், யாரை என்றுதான் தெரியவில்லை.

மறுபடியும் சுரண்டல். இந்த முறை பெயிண்ட் டப்பாவை மேல்தட்டில் வைத்துவிட்டேன். சூடு காட்டுவது, கசியும் கிரீஸைத் துடைப்பது, ஆறவிடுவது, வெளியே திறந்த வெளியில் அசிட்டோனால் கழுவுவது, அது முழுக்க ஆவியானதும் மறுபடி சூடு. ஈரம் காயுமுன் சூட்டைக் கொண்டுபோனால் தீப்பிடிக்கும். வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்ப ஆறு சுற்று ஆனது. சாதாரண நீல நைட்ரைல் கையுறை அசிட்டோனில் ஊதிக் கிழிந்துவிடும். ப்யூட்டைல் ரப்பர் கையுறை வாங்குங்கள்.

குழலின் இரு முனையிலும் காதில் வைக்கும் பஞ்சு அடைப்பான். தோட்டா அறை, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் ஓடும் தடம், திருகு மரைகள் எல்லாவற்றுக்கும் நாடா. டப்பாவை வெதுவெதுப்பான நீரில் வைத்து எடுத்ததால் அதன் மூக்கு சொட்டுச் சொட்டாகத் துப்பவில்லை. மெல்லிய பூச்சு மூன்று. நாடாவைப் பெயிண்ட் கல்லாகுமுன் உரிக்க வேண்டும். ஒரு மூலையில் மறந்துவிட்டு விளிம்போடு பிய்த்துக்கொண்டேன்.

மூன்று வாரம் தொடவில்லை. தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் விழும். இருபத்தோராம் நாள் அழுத்திப் பார்த்தேன், விழவில்லை. அதே சுத்தம் செய்யும் திரவத்தை வேண்டுமென்றே ஒரு சொட்டு விட்டுத் துடைத்தேன். துணி சுத்தமாக வந்தது. மனைவியைக் கூப்பிட்டு அந்தத் துணியைக் காட்டினேன். அவள் எட்டு டாலர் எப்படி நூற்றிருபது ஆனது என்று கேட்டாள்.

மேகசின், அதாவது தோட்டாப் பெட்டி, உள்ளே போகும் இடத்தில் பெயிண்டின் கனத்தால் கொஞ்சம் இறுக்கம் இருக்கிறது. குழலின் அடியில் ஒரு வழிசலும் உண்டு. முன்கட்டையை மாட்டியதும் மறைந்துவிட்டது. அதைச் சுரண்டுவதாக இல்லை.