மிளகு விலை எழுதிய தளபதியின் ஊரில்

டாக்ஸிக்காரர் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை, அதை முதலில் கொட்டிவிடுகிறேன். நேப்பிள்ஸிலிருந்து ரயிலில் ஃபுசாரோ வரை வந்தாயிற்று. அங்கிருந்து பக்கோலி ஊருக்குப் போகிற பஸ் வரவேயில்லை. நின்றிருந்த ஒரே டாக்ஸியில் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டருக்கு 30 யூரோ கேட்டார். எங்கள் இருவருக்கும் அன்றைய பட்ஜெட்டே 50! நடந்தோம்.

நான் தேடிப்போன ஆள் இதற்கும் திட்டியிருப்பார். ரோமில் நடந்துபோன மருமகனை (சகோதரியின் மகன்), நேரத்தை வீணாக்காமல் இருந்திருக்கலாமே என்று கடிந்துகொண்டவர், முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி. பல்லக்கில் போனால் படித்துக்கொண்டே போகலாமாம்.

வட இத்தாலியின் கோமோ ஊர்க்காரர். செனட்டர்களுக்கு அடுத்த படியான ஈக்வெஸ்ட்ரியன் வகுப்பு. அதில் இருக்கவே 4,00,000 செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு) சொத்து வேண்டும். ஜெர்மனி எல்லையில் குதிரைப்படை அதிகாரி, ஸ்பெயினில் பேரரசரின் வரவு செலவைப் பார்த்த புரொக்யுரேட்டர், கடைசியில் இங்கே ‘மிசேனும்’ துறைமுகத்தில் கடற்படைத் தளபதி. இத்தனை டிரான்ஸ்ஃபருக்கு நடுவே ‘இயற்கை வரலாறு’ 37 புத்தகம். விடியுமுன்பே பேரரசர் வெஸ்பாசியனைப் பார்த்துவிட்டு ஆபீஸ் வேலைக்குப் போவாராம்.

அந்த நூலில் நம் பழைய சேரர் துறைமுகம் முசிறி வருகிறது. ஆள் வந்ததே இல்லை, ஆனாலும் ரிவ்யூ படு மோசம்: பக்கத்தில் கடற்கொள்ளையர், கப்பல் கரைக்கு வராது, சரக்கைச் சின்னப் படகில்தான் ஏற்றி இறக்க வேண்டும். மதுரையிலிருந்து ஆளும் பாண்டியனையும் சொல்கிறார். கருமிளகு ராத்தல் 4 தினாரி (ரோமானிய வெள்ளிக்காசு) என்று விலையும் போட்டு, காரத்தைத் தவிர இதில் என்ன இருக்கிறது என்று புலம்பல் வேறு.

கடற்படைக்குத் தண்ணீர் தேக்கிய தொட்டி, பிஷீனா மிராபிலிஸ், பக்கோலியில் இருக்கிறது. 48 தூண்கள், 70 மீட்டர் நீளம். படியிறங்கினால் பாசி பிடித்த தூண்கள் மேல், கூரை ஓட்டை வழியாக வெயில் பட்டை பட்டையாக விழுகிறது. வாயடைத்துப்போனோம். டிக்கெட், நேரம் எல்லாம் விவரமாக எழுத நினைத்திருந்தேன். சரி, முதலில் சாப்பாடு!

இம்பெப்பாத்தா தி கோட்ஸே. கல்லுமக்காயை ஓட்டோடு வேகவைத்து, மிளகை இடித்துக் கொட்டித் தருகிறார்கள். 12 யூரோ. அடியில் தேங்கிய கறுப்புச் சாற்றில் ரொட்டியைத் தோய்த்தால் மூக்கில் நீர் வழிகிறது. பிளினி புலம்பிய மிளகு, அவர் தளபதியாக இருந்த ஊரிலேயே.

எதிரே வளைகுடாவுக்கு அப்பால் வெசுவியஸ் எரிமலை. கி.பி. 79இல் அது புகைந்தபோது ஆட்களை மீட்க இங்கிருந்துதான் பிளினி கப்பல்களோடு போனார். ஸ்டேபியே கரையில் இறந்தார். கூட வரச் சொன்னதற்குப் படிக்க வேண்டியிருக்கிறது என்று மருமகன் வீட்டிலேயே இருந்துவிட்டான்.

திரும்பும்போது பஸ் வந்தது. காலியாக.