ரேடியேஷன் தெரபிஸ்ட் ஆகலாமா? சேரும் முன் நான் பார்த்தவை

ரேடியேஷன் தெரபிஸ்ட், அதாவது புற்றுநோயாளிகளுக்குக் கதிர்சிகிச்சையை இயந்திரத்தில் கொடுப்பவர், ஆவதற்கான படிப்பில் சேரலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது தெரிந்தவர்கள் எல்லாரும் ஒன்றையேதான் கேட்டார்கள்: "கதிர்வீச்சுக்குப் பக்கத்திலேயே வேலையா? உடம்புக்கு ஆகுமா?" அதற்குப் பதில் சீக்கிரமே கிடைத்துவிட்டது. என்னைத் தூங்கவிடாத கேள்வி வேறு. புற்றுநோயோடு வரும் ஒருவரை வாரத்துக்கு ஐந்து நாள், சிலரை ஆறேழு வாரம் தொடர்ந்து பார்த்து, கடைசி நாளும் முதல் நாள் கவனத்தோடு படுக்க வைக்க என்னால் முடியுமா?

முதல் கேள்வியை முடித்துவிடுகிறேன். கதிர்சிகிச்சை கொடுக்கும் லினாக், மின்சாரத்தில் ஓடும் இயந்திரம். பீமை (கதிர்க்கற்றையை) நிறுத்தினால் சிகிச்சைக் கதிரும் நின்றுவிடும். பீம் ஓடும்போது உள்ளே நோயாளி மட்டும்தான். நாம் தடித்த கான்கிரீட் சுவருக்கு வெளியே, கன்சோலில் (இயந்திரத்தை இயக்கும் மேசையில்) கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்போம். இடையில் கதவு திறந்தால் பீம் தானாக நின்றுவிடும். பணியாளர்களுக்குச் சர்வதேச அளவில் பரிந்துரைக்கப்படும் கதிர்வீச்சு வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். சட்டையில் மாட்டும் பேட்ஜ் அதற்குக் கணக்கு வைக்கும். உண்மையில் முதுகுவலியைப் பற்றித்தான் யாராவது எச்சரித்திருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரிலிருந்து ஆளை மாற்றுவது தினசரி வேலை.

இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடி, அனுமதி வாங்கி ஒரு கதிர்சிகிச்சைப் பிரிவில் போய் நின்றேன். காலையில் நோயாளிகள் வரும் முன்பே இயந்திரத்தின் கதிர் அளவு, லேசர் கோடுகள், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள். தினமும் பார்க்கும் முகம்தான் என்றாலும் பெயரும் பிறந்த தேதியும் தினமும் கேட்கப்படும். உடம்பில் குத்திய சிறு மைப்புள்ளிகள் லேசர் கோட்டில் வந்து உட்கார வேண்டும். அதற்காக நோயாளி தானாக நகர்ந்து உதவப் பார்ப்பார். "ஐயா, நீங்க அசையவேண்டாம், உடம்பைத் தளர விடுங்க, நாங்களே நகர்த்திக்கிறோம்" என்று சொல்லி, இரண்டு தெரபிஸ்டுகள் அடியிலிருக்கும் துணியை இருபக்கமும் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பார்கள். அதன்பின் எடுக்கும் ஸ்கேனை, சிகிச்சைக்குப் பிளான் போட்டபோது எடுத்த சி.டி. ஸ்கேனோடு பொருத்திப் பார்த்து, மிச்ச மில்லிமீட்டர்களைக் கவுச்சை (சிகிச்சைப் படுக்கையை) நகர்த்திச் சரிசெய்வார்கள். பீம் ஓடுவது பெரும்பாலும் சில நிமிடங்கள். மற்ற நேரமெல்லாம் இந்தப் படுக்க வைப்பதற்குத்தான். டோஸை முடிவு செய்வது டாக்டர். பிளானைக் கணக்கிட்டுச் சரிபார்ப்பது பிசிசிஸ்ட் (மருத்துவ இயற்பியலாளர்) தரப்பு. அது அந்த உடம்பில் சரியான இடத்தில் போய்ச் சேர்வது நம் கையில்.

என்னை முடிவெடுக்க வைத்தது மாஸ்க். தலை, கழுத்துப் பகுதிக்குச் சிகிச்சை என்றால் சூடான தண்ணீரில் இளக்கிய ஒரு பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் அழுத்தி வார்ப்பார்கள். சில நிமிடங்களில் இறுகிவிடும். பிறகு ஒவ்வொரு நாளும் அதை மாட்டி, கவுச்சோடு சேர்த்துப் பூட்டுவார்கள். க்ளிப் விழும் சத்தம் கேட்டதுமே ஒருவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தெரபிஸ்ட் அவசரப்படவில்லை. மாஸ்க்கைக் கழற்றி உட்கார வைத்தார். "கையைத் தூக்கினா போதும், கேமராவுல தெரியும், உடனே நிறுத்திட்டு உள்ளே வந்துடுவேன்" என்றார். மறுபடி மாட்டியபின் வெளியே வந்து, மைக்கில், "ஒரு சுத்து முடிஞ்சுது, இன்னும் ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெளியே காத்திருப்போர் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் குரலில் அது தெரியவில்லை. இந்த வேலையைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நேர்முகத் தேர்வில் இயற்பியல் குறைவாகவே கேட்டார்கள். "திரையில் உள்ள எண் பிளானோடு ஒத்துப்போகவில்லை, சீனியர் பரவாயில்லை ஓட்டு என்கிறார், என்ன செய்வீர்கள்?" நிறுத்துவேன் என்றேன். அப்புறம் என்று கேட்டார்கள். பிசிசிஸ்டைக் கூப்பிடுவேன், நோயாளியிடம் தாமதத்தைச் சொல்வேன் என்றேன். அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று படிப்பின்போதுதான் முழுதாகப் புரிந்தது. 1985க்கும் 1987க்கும் இடையில் தெராக்-25 என்ற கதிர்சிகிச்சை இயந்திரத்தில் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர் பாய்ந்தது, இறந்தவர்களும் உண்டு. மென்பொருள் பிழைதான் முக்கியக் காரணம். ஆனால் அர்த்தம் விளங்காத எச்சரிக்கைகள் அடிக்கடி வந்துகொண்டிருந்ததால், ஒரு விசையைத் தட்டி மேலே போவது இயக்குபவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

படிப்பில் கஷ்டம் எது என்று கேட்டால், உடலைக் குறுக்குவெட்டில் பார்த்துப் புரிந்துகொள்வது. மற்றவை படித்தால் வரும். மொத்த டோஸை ஏன் தினம் 2 கிரே (கிரே என்பது உடல் ஏற்கும் கதிரின் அலகு) போலச் சிறு பங்காகப் பிரிக்கிறார்கள் (இடைவெளியில் நல்ல செல்கள் தங்களைச் சரிசெய்துகொள்ளும்) என்பதெல்லாம் எனக்குச் சுவாரசியமாகவே இருந்தது. மனதுக்குக் கனமாக இருந்தது எலும்பு வலிக்காக ஒரே தடவை 8 கிரே வாங்க வருபவர்கள். நகர்த்தினாலே துடிக்கும் ஒருவரைப் பத்து நிமிடத்தில் நேராகப் படுக்க வைக்க வேண்டும். அதன்பின் வலி குறைந்ததா என்பது பெரும்பாலும் நமக்குத் தெரியவராது.

நீங்களும் போய்ப் பார்ப்பதாக இருந்தால், சுற்றிக்காட்டும் நாளில் போகாதீர்கள்; வழக்கமான, நெரிசலான நாளில் போங்கள். இயந்திரத்தின் மாடலை விட்டுவிட்டு, அதில் ஒரு நாளைக்கு எத்தனை பேர், கன்சோலில் எப்போதும் இருவர் இருக்கிறார்களா, சந்தேகம் வந்தால் பிசிசிஸ்ட் எவ்வளவு நேரத்தில் வருவார் என்று கேளுங்கள். தெரபிஸ்டுகளிடம் தனியாகப் பேச வாய்ப்புக் கிடைத்தால், கடைசியாக எப்போது சிகிச்சையை நடுவில் நிறுத்தினீர்கள், அப்போது மேலே இருப்பவர்கள் என்ன சொன்னார்கள் என்றும் கேளுங்கள்.