ஆடு புலி ஆட்டப் பலகைக்கு 46 பின்

ஜூன் 7, சனி

பலகையில் ஆடு புலி ஆட்டக் கோடுகளை வரைந்தாயிற்று. மொத்தம் 23 சந்திகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு ரீட் சுவிட்ச், பக்கத்தில் ஒரு எல்இடி. காய்க்குக் கீழே சின்னக் காந்தம். சந்தியில் வைத்ததும் சுவிட்ச் மூடிக்கொள்ளும். ஆக, இவற்றை இயக்கும் போர்டில் 46 பின் (ஒயர் இணைக்கும் கால்) வேண்டும். ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கண்ட்ரோலர் போர்டில் அனலாக் பின்களையும் சேர்த்தால் 20தான்.

“ஆர்டுயினோ மெகா வாங்கிடுண்ணா, அதுல 70 இருக்கு” என்கிறான் தம்பி. இருக்கட்டும். அத்தனை ஒயரையும் ஒரே மூலைக்கு யார் இழுத்து வருவது? பின்னை விட ஒயர்தான் எனக்குத் தலைவலி.

ஜூன் 8, ஞாயிறு

சுவிட்சுகளை மட்டும் கீபோர்டு மாதிரி 5 வரிசை, 5 நிரல் என்று கோத்தால் 10 பின்னிலேயே வேலை முடியும். ஆனால் கீபோர்டில் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பொத்தான்தான் அழுந்தும். இங்கே 3 புலி, 15 ஆடு எல்லாம் இறங்கிவிட்டால் 18 சுவிட்ச் மூடியே கிடக்கும். மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு போடாவிட்டால் மின்சாரம் வேறு வழியாகச் சுற்றி வந்து, காலி இடத்திலும் காய் இருப்பதாகக் காட்டும். 23 டையோடு பற்றவைக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஜூன் 14, சனி

ரிச்சி தெருவுக்குப் போய் ஊனோவின் சில பின்னைப் பலவாக்கித் தரும் சிப்புகளாக, எல்இடிகளுக்கு 74ஹெச்சி595 மூன்று, சுவிட்சுகளுக்கு எம்சிபி23017 இரண்டு வாங்கி வந்தேன். 595 அவுட்புட்டுக்கு மட்டும்தான் ஆகும், ஆனால் மலிவு. எம்சிபி, ஐ2சி என்ற இரண்டு ஒயர் முறையில் ஊனோவோடு பேசும் சிப். வெறும் விளக்குக்கு அது எதற்கு?

ஜூன் 15, ஞாயிறு

மூன்று 595-ஐயும் சங்கிலியாகக் கோத்தேன்: ஒன்றின் 9-ஆம் காலிலிருந்து அடுத்ததன் 14-ஆம் காலுக்கு. எத்தனை சேர்த்தாலும் ஊனோவில் டேட்டா, கிளாக், லாட்ச் என்று மூன்றே பின். சிப் முழுவதற்கும் 70 மில்லிஆம்பியர்தான் உச்சம். அதனால் எல்இடிக்கு 1 கிலோ ஓம். தலைக்கு 3 மில்லிஆம்பியர், வீட்டுக்குள் தாராளமான வெளிச்சம்.

கரண்ட் வந்ததும் 595-இல் உள்ள எல்இடிகள் கண்டபடி எரியும். அவுட்புட்டை அணைத்து வைக்கும் 13-ஆம் காலை 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டில் கட்டி, முதல் டேட்டா போன பிறகு ஊனோவே கீழே இழுக்கும்படி வைத்தேன். இதற்கு இன்னொரு பின் போனது, பரவாயில்லை.

ஜூன் 21, சனி

இன்று எம்சிபி. 16 பின் என்றுதான் பெயர். 2022-இல் திருத்திய டேட்டாஷீட்டில் ஜிபிஏ7, ஜிபிபி7 இரண்டும் அவுட்புட் மட்டுமே என்று போட்டிருக்கிறார்கள். இன்புட்டுக்குச் சிப்புக்கு 14, இரண்டுக்கும் 28. நமக்கு 23 போதும். ஊனோ கூப்பிட ஒன்றின் முகவரி ஹெக்ஸ் (16 அடி எண்) 20. மற்றதன் ஏ0 காலை 5 வோல்ட்டில் கட்டினால் ஹெக்ஸ் 21. ரீசெட் காலை அந்தரத்தில் விடக்கூடாது, அதுவும் 5 வோல்ட்டுக்கே. காலை 5 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும் புல்-அப் உள்ளேயே இருப்பதால் சுவிட்சின் மறுமுனை நேரே கிரவுண்டுக்கு.

சிப் இரண்டும் பலகைக்கு அடியில், சுவிட்சுகளுக்குப் பக்கத்திலேயே. அங்கிருந்து ஊனோவுக்கு நாலே ஒயர்: ஐ2சி இரண்டு, 5 வோல்ட், கிரவுண்ட்.

சுவிட்சுக்கு ஆடு, புலி பேதம் தெரியாது. எந்தக் காய் எங்கே என்று புரோகிராம்தான் நினைவில் வைக்க வேண்டும். அது அடுத்த வாரம். 595-இல் ஒரு அவுட்புட் மிச்சம். ஆடு வெட்டுப்பட்டால் கத்த ஒரு பஸ்ஸர், நடுவில் ஒரு டிரான்சிஸ்டர்.