கால் கழுவிய விடுதி

அக்டோபர் 14, 2025, ரோம்

கத்தோலிக்கர்களின் புனித ஆண்டான யூபிலி ஆண்டு என்பதால் ஊர் முழுக்கத் திருப்பயணிகள். புனித பேதுரு பேராலய வரிசையில் நின்று, அங்கிருந்து நடந்து, குதிகாலில் கொப்புளம். பயணத்துக்குப் புது ஷூ வாங்கியது என் புத்தி.

சிஸ்தோ பாலம் தாண்டியதும் ஒரு சின்ன சதுக்கம். அங்கே சாந்திஸ்ஸிமா திரினிதா தெய் பெல்லெக்ரினி என்ற கோயில். பெல்லெக்ரினி என்றால் திருப்பயணிகள்; பெயரிலேயே இருக்கிறார்கள். மதியம், கதவு சாத்தியிருந்தது. படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். லேசாக உள்வாங்கி வளைந்த பரோக் முகப்பு. மாடங்களில் நான்கு நற்செய்தியாளர்களின் சிலைகள். 1723இல் இதை வடிவமைத்தவர் பிரான்செஸ்கோ தெ சாங்திஸ். இதே ஊரில் அவர் கட்டிய ஸ்பானியப் படிகளில் கூட்டம், கால் வைக்க இடமில்லை. இங்கே நானும் ஒரு புறாவும்.

அக்டோபர் 15

இரவெல்லாம் இதைப் பற்றித்தான் படித்தேன். 1548இல் பிலிப் நேரி (பின்னாளில் புனிதர்) ஒரு சபையைத் தொடங்குகிறார். 1550 யூபிலிக்கு வந்த ஏழைப் பயணிகளுக்குப் படுக்கையும் சாப்பாடும் கொடுத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பப்பட்டு, ஊர் திரும்பத் தெம்பில்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த இரண்டாவது யோசனைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வந்தவர்களுக்கு முதலில் கால் கழுவிவிடுவார்கள். கர்தினால்களும் பிரபுக்களும் மண்டியிட்டுக் கழுவியிருக்கிறார்கள். இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துக் குருவானவர் கால் கழுவும் பெரிய வியாழன் பூசைக்கு நம் ஆட்கள் வீட்டிலேயே தேய்த்துக் கழுவிய காலைத்தான் கொண்டுபோய் நீட்டுவார்கள். இங்கே வந்தவை வாரக்கணக்கில் நடந்து வெடித்த கால்கள். தண்ணீர் நிஜமாகவே கலங்கியிருக்கும்.

மாலையில் உள்ளே போனேன். பீடத்துக்கு மேலே 1625 யூபிலிக்காகக் கீதோ ரேனி வரைந்த மூவொரு இறைவன். சிலுவையில் மகன், பின்னால் கைகளை அகல விரித்த தந்தை. வா, உட்கார் என்கிற கை. பூசை லத்தீனில், குருவானவர் பீடத்தைப் பார்த்தபடி. ஒன்றும் புரியவில்லை. கால் வலித்ததால் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 16

1849இல், போப்பின் ஆட்சியை அகற்றி அமைந்த ரோமானியக் குடியரசைப் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது, திருப்பயணிகள் தங்கிய இந்த விடுதி போர்க்கால ஆஸ்பத்திரியானது. இத்தாலியின் தேசிய கீதத்தை எழுதிய கொஃப்ரேதோ மமேலியை இங்கேதான் கொண்டுவந்தார்கள். இடது காலில் காயம், புரையோடியது. காலை எடுத்தார்கள். ஜூலை 6 அன்று இறந்தார். வயது 21. கால் கழுவிவிட்ட இடத்திலேயே இப்படி.

மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டியாயிற்று. நாளை விமானம். ஷூவின் பின்பக்கத்தை மிதித்துச் செருப்பாக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும்.