சாண் கணக்கில் ஒரு ஸ்டார்

நவம்பர் 30, சனி

களியக்காவிளை வரை போய்வந்தேன். கடை வாசலெல்லாம் இப்போதே பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் ஸ்டார்கள் மினுங்குகின்றன. நான் வாங்கியது ஒரு முழு மூங்கில், ஒரு உருண்டை நூல், வெள்ளையிலும் சிவப்பிலும் டிஷ்யூ பேப்பர். இந்த வருஷம் ஸ்டார் வீட்டில்தான் கட்டப் போகிறோம். அம்மாவுக்கு விரல் நடுங்குகிறது, முடிச்சு நிற்பதில்லை. ஆனால் அளவெல்லாம் அவர் மனதில் அப்படியே இருக்கிறது. அதை இப்போது வாங்கிக்கொள்ளாவிட்டால் பிறகு யாரிடம் கேட்பேன்?

டிசம்பர் 1, ஞாயிறு

திருவருகைக் கால முதல் ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து மூங்கிலைச் சிம்பாகப் பிளந்தேன். ஒரே நீளத்தில் பத்துச் சிம்பு வேண்டும். முகத்துக்கு ஐந்து, முதுகுக்கு ஐந்து. கணு இருக்கும் இடத்தில் கத்தி திரும்பிவிடுகிறது, அங்கே பொறுமையாகச் சீவ வேண்டும். சிலாம்பு ஏறாமல் இருக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

அம்மா நாற்காலியில் இருந்தபடி சொன்னார்: “ஒரு சாண் விடு மக்ளே. பிறகு ஏழு விரலுக்கு மேல, எட்டு விரலுக்கு உள்ள. பிறகு ஒரு சாண். அதோட சிம்பை முறிச்சிரு.”

அந்த இரண்டு அடையாளத்திலும்தான் மற்ற சிம்புகள் குறுக்கே போக வேண்டுமாம். ஒன்றின் மேலே, அடுத்ததன் கீழே என்று கோத்து முனைகளைக் கட்டியபோது ஐந்து கையும் ஒரே அளவில் வந்து நின்றது! நானும் முன்பு ஒருமுறை கண் மதிப்பில் கட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு கை நீண்டு, ஒரு கை சப்பையாகத்தான் வந்தது.

டிசம்பர் 2, திங்கள்

பத்தாவது படிக்கும் மகள் அம்மாவின் கணக்கைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தாள். சிம்பு 60 செ.மீ. என்றால் ஓரத்தில் 23, நடுவில் 14, மறு ஓரத்தில் 23. பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கு இடையில் 37. ஐந்து முனை நட்சத்திரத்தில் 1.618 என்ற பொன் விகிதம் ஒளிந்திருக்கிறது என்று வரைந்து காட்டினாள். சாணுக்குப் பன்னிரண்டு விரல் என்று வைத்தால் நடுத்துண்டு ஏழரை விரலுக்கு ஒரு நூல் குறைவாக வருகிறது. அம்மா சொன்னது கிட்டத்தட்ட அதேதான். அம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். யாரிடம் படித்தீர்கள் என்று மகள் கேட்டதற்கு, “எங்கப்பா கட்டுவாரு, நான் நூல் பிடிப்பேன்” என்றார்.

டிசம்பர் 5, வியாழன்

இரண்டு முகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனையையும் சேர்த்துக் கட்டினேன். உள்ளே குறுக்கிடும் ஐந்து இடத்திலும் ஒரு விரற்கடை குறையாமல் ஒரே அளவுக் குச்சிகளைச் செருகியதும் வயிறு உப்பி எழுந்தது. தட்டையாகக் கிடந்தது ஸ்டார் ஆவது இந்த நொடியில்தான். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

பசைக்கு மரச்சீனி (மரவள்ளி) மாவைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடி மாதிரி தெளியும்வரை காய்ச்சினேன். பழைய ஆட்கள் பூச்சி அரிக்காமல் இருக்க இதில் துருசு (மயில்துத்தம்) சேர்ப்பார்கள். அது விஷம். சின்னவன் கையை வாயில் வைக்கிறவன், அதனால் சேர்க்கவில்லை.

டிசம்பர் 7, சனி

ஒட்டிய தாள் சுருக்கமாகக் கிடந்தது. பசை நன்றாகக் காய்ந்த பிறகு மேலே லேசாகத் தண்ணீர் தெளித்தால், உலரும்போது டிஷ்யூ பேப்பர் இழுத்துக்கொண்டு விறைப்பாகும். வெள்ளை முகம் மேளத்தோல் மாதிரி ஆனது. அதே சந்தோஷத்தில் சிவப்பிலும் தெளித்துவிட்டேன். சாயம் இறங்கி இரண்டு கை முழுக்கத் திட்டுத்திட்டாகிவிட்டது. கிழித்துவிட்டு வேறு தாள் ஒட்டினேன். சிவப்புக்கு வெறும் காற்றே போதும்.

டிசம்பர் 10, செவ்வாய்

கிறிஸ்துமஸ் குடிலுக்காக இரண்டு தட்டில் மண் போட்டு, ஊறிய நெல்லை நெருக்கமாகத் தூவினேன். பத்து நாளில் பச்சைப் புல் வந்துவிடும். கேரளத்துப் பாறசாலையில் இருக்கும் மைனி போனில் பேசினார். அங்கே புல்க்கூடு என்பார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் குடில், அந்தப் பக்கம் புல்க்கூடு. ஸ்டார் மட்டும் இரண்டு பக்கமும் ஸ்டார்தான்.

டிசம்பர் 14, சனி

மழை. ஸ்டாரைக் கூடத்தில் தொங்கவிட்டு உள்ளேயே கைவேலை.

காகிதக் கீற்று நான்கை மடித்துக் கோத்துச் செய்யும் ஒரு குட்டி நட்சத்திரம் இருக்கிறது. ஜெர்மனியில் கிண்டர்கார்டனைத் தொடங்கிய ஃப்ரோபெல் பெயரில் அதை அழைக்கிறார்கள். அகலத்தைப் போல முப்பது மடங்கு நீளம் வேண்டும். ஒன்றரை செ.மீ. அகலம் என்றால் 45 செ.மீ. பழைய மாதக் காலண்டர் தாளில் நான் மூன்று செய்தேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது ஓலைப் பின்னல்லா?” என்றார். உண்மைதான். நடுவில் விழும் முதல் முடிச்சு, பெட்டி முடையத் தொடங்கும் அதே நாற்கட்டம். பனை ஓலையை ராத்திரி முழுக்க ஊறவைத்திருக்கிறேன், நாளைக்கு அதில் செய்து பார்க்க வேண்டும். ஊறாத ஓலை மடிப்பில் ஒடியும்.

டிசம்பர் 15, ஞாயிறு

ஓலையில் வந்தது! காகிதத்தைவிட விறைப்பு. காய்ந்தால் பொன்நிறமாகும். பதினொன்று செய்தோம். நடுங்குகிற விரலோடு அம்மாவும் ஒன்று செய்தார். ஓலை அவர் கைக்கு அடங்கியது.

டிசம்பர் 21, சனி

நெற்பயிர் நான்கு விரல் உயரம். பிரவுன் பேப்பரைக் கசக்கி மலையாக்கி, வைக்கோல் கூரை போட்டேன். புனித பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோவில் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தித்தான் குடில் அமைத்தார் என்று சின்னவனிடம் சொன்னேன். எதிர்வீட்டுக் கன்றைக் கேட்கலாமா என்கிறான்.

டிசம்பர் 24, செவ்வாய்

பரீட்சை முடிந்துவிட்டது. மழை ஓய்ந்ததால் ஸ்டாரைச் சன்ஷேடுக்குக் கீழே கட்டினேன். உள்ளே 5 வாட் எல்இடி பல்பு. முன்பு குண்டு பல்பின் சூட்டில் தாள் கருகும், இப்போது அந்தப் பயம் குறைவு. இருந்தாலும் பல்பு தாளில் உரசாமல் நடுவில் நிற்கும்படி கட்டியிருக்கிறேன்.

மீதமிருந்த சிம்பில் சின்னவன் தன் சாணால் அளந்தான். 15 செ.மீ.தான் வருகிறது. சாண், ஏழு விரலுக்கு மேல் எட்டு விரலுக்குள், சாண். அம்மா சொல்லச் சொல்ல அவனே கட்டினான், முடிச்சு மட்டும் நான் இறுக்கினேன். ஒன்றேகால் அடிதான், ஆனால் ஐந்து கையும் ஒரே அளவு. அதை அம்மாவின் கட்டிலுக்கு நேரே ஜன்னலில் மாட்டினோம்.

“கொஞ்சம் இறக்கு மக்ளே,” என்றார். “படுத்தா தெரியணும்.”

இரண்டு விரல் இறக்கிக் கட்டினேன்.