பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் பட்டறைக்குப் பாதுகாப்புத் திட்டம் எழுதிய கதை

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களுடையது சின்ன பட்டறை. லேத், டிரில்லிங் மெஷின், கிரைண்டர், தகட்டை அடித்து வெட்டும் மூன்று பவர் பிரஸ். ஆட்கள் பன்னிரண்டு பேர். எழுத்தில் பாதுகாப்புத் திட்டம் இருந்தால்தான் அடுத்த ஆர்டர் என்று பெரிய கம்பெனி ஒன்று சொல்லிவிட்டது. கணக்கு பார்க்கும் என் தலையில் வேலை விழுந்தது.

முதலில் சட்டம். 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி, மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தாலே அது தொழிற்சாலை. 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கியது. எண்ணிக்கை எதுவானாலும் பிரஸ்ஸுக்கு விரல் விரல்தான். தெரிந்தவர் கொடுத்த மாதிரிக் கோப்பில் பாய்லர், கிரேன் என்று பக்கம் பக்கமாக இருந்தது. எங்களிடம் டீ பாய்லர்கூடக் கிடையாது.

அதை ஓரமாக வைத்துவிட்டு, டீ நேரத்தில் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: எந்த மெஷினில் கை வைக்கப் பயமாக இருக்கிறது? மூத்த ஆபரேட்டர் அண்ணன் யோசிக்கவே இல்லை. "மூணாம் நம்பர் பிரஸ்தான் சார். சில நேரம் பெடலை விட்டப்புறமும் இன்னொரு அடி அடிக்குது." எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, ஆபீசுக்கு மட்டும் தெரியவில்லை. அன்றே அதை நிறுத்தி, சுழலும் சக்கரத்தைப் பிரஸ்ஸோடு இணைக்கும் கிளட்ச் கீயும் ஸ்பிரிங்கும் மாற்றினோம். கீ கிளட்ச் பிரஸ் ஒருமுறை இறங்க ஆரம்பித்தால் நடுவில் நிற்காது. அதனால் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ஓடும் பட்டனை மட்டும் நம்பாமல், தகடு நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு டையை (தகட்டை வெட்டும் அச்சை)ச் சுற்றிக் கம்பித் தடுப்பு போட்டோம். செலவில் பெரும்பங்கு இதற்கே போனது, போகவும் வேண்டும்.

முதலாளி அனைவருக்கும் கையுறை வாங்கி வைத்திருந்தார். டிரில்லிங் மெஷினிலும் லேத்திலும் அது கூடாது; சுழலும் பாகம் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. கிரைண்டரில் கல்லுக்கும் பொருளை வைத்துப் பிடிக்கும் தாங்கிக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது, மின்சார பேனல் போர்டு பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் என்பதெல்லாம் சீக்கிரம் முடிந்தன. பீகார் பையன் ஒருவனே விதிகளை இந்தியிலும் எழுதிக் கொடுத்தான்.

மயிரிழையில் தப்பியதை எழுத ஒரு நோட்டு தொங்கவிட்டோம். சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயத்தில் யாரும் தொடவில்லை. பிடிக்க மாட்டேன் என்று முதலாளியே எல்லோர் முன்னாலும் சொன்ன பிறகுதான் 'லேத் பக்கம் கூலன்ட் கொட்டி வழுக்குது' என்று முதல் வரி விழுந்தது.

ஆர்டர் வந்துவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மே மாத வெக்கைக்கு என்ன செய்வதென்றுதான் இப்போது முதலாளியோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.